மங்கம்மாள் எந்த வகையறா

மங்கம்மாள் முதன்முதலில் எங்கள் சர்ச்சின் பங்கு அலுவலகத்துக்குள் வந்தபோது அவள் நெற்றியிலிருந்து ரத்தம் என் மேசைக் கண்ணாடிமேல் சொட்டியது. அப்போதுதான் துடைத்து வைத்திருந்தேன். பொய் சொல்வானேன், எனக்கு வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல்தான்.

“ஏம்மா, ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கம் கீது. இது கோயில் ஆபீசு,” என்றேன்.

“ஆஸ்பத்திரிக்கு அப்பறம் போய்க்கிறேன். பழைய ஞானஸ்நான புஸ்தகம் உங்கிட்டதானே கீது? அத்த எடு.”

கேட்கிற விதத்தைப் பாருங்கள்! கடன் கொடுத்தவள் மாதிரி கேட்டாள். என்னிடம் அப்படியெல்லாம் யாரும் கேட்க முடியாது. நான் ஆனந்தி, ஜவ்வாது மலை அடிவாரத்தில், போளூர் ரோட்டுமேல் இருக்கும் இந்தக் கோயிலின் எழுத்தர். நான் அலுவலகத்தில் கத்தினால் பீடத்தில் கேட்கிறது என்று எங்கள் சாமியாரே அலுத்துக்கொள்வார். என்ன செய்வது, வருகிறவர்கள் அப்படி. இப்போது பரம்பரை தேடுவது ஒரு மோகமாகிவிட்டது. பெங்களூரிலிருந்து காரில் வருகிறார்கள். கொள்ளுத்தாத்தா பெயரைக் கண்டுபிடித்துக் கொடு என்கிறார்கள். எல்லாருக்கும் பரம்பரையில் ஒரு பெரிய மனிதர் வேண்டும். எங்கள் வம்சத்தில் ஒரு திருடன் இருந்தானா பாருங்கள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

“யார் பேரு பாக்கணும்?” என்றேன்.

“சூசையாண்டி. எங்க வூட்டுக்காரரோட தாத்தா. ஊரு ஈச்சம்பாறை. மலைக்காய்ச்சல்ல ஜனங்க கொத்துக்கொத்தா செத்த வருஷம் பொறந்தாராம். அவுங்க அம்மா பேரு குப்பி. அப்பன் பேரு யாருன்னு அதுல போட்டிருக்கும்ல?”

“போட்டிருக்கும். அதத் தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற?”

“வேற எவன் பேராச்சும் இருந்தா எம் பொண்ணு பொழைப்பா. இல்லன்னா ஞாயித்துக்கெழம செத்துடுவா.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. மேசைமேல் விழுந்த ரத்தத்தை முந்தானையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் துப்பட்டாவைக் கிழித்து அவள் நெற்றியில் கட்டி, எதிர்க் கடையில் டீ சொல்லி உட்கார வைத்தேன்.

அவள் சொன்னது இதுதான்.

மலைக்குமேல் மூலக்காடு என்ற ஊரில் பிறந்தவள் மங்கம்மாள். சின்ன வயதிலேயே அடிக்கக் கை நீளும். சாமைக் கொல்லையில் எல்லைக் கல்லை நகர்த்திய பக்கத்துக் கொல்லைக்காரனை, அதே கல்லால் அடித்துப் பல்லை உதிர்த்தவள். ஈச்சம்பாறை கருப்பன் அவளை ஆடித் திருவிழாவில் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவள் அண்ணன் ஆனந்தன் குறுக்கே வந்தபோது, கருப்பன் கொடுவாளால் அவன் தோளில் போட்டுவிட்டான். அந்தக் கை இன்றுவரை மேலே தூக்க வராது. அண்ணன் ரத்தத்தில் கிடந்தபோது இவள் கருப்பனோடு ஓடிப்போனாள். அதோடு பிறந்த வீட்டுப் பேச்சு நின்றுபோனது.

“அண்ணன் வெட்டுப்பட்டு கெடக்கிறான், உனக்குக் கல்யாணம் கேக்குதா?” என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டும்விட்டேன்.

“புத்தி இல்ல. வயசு அப்டி,” என்றாள்.

அதற்கப்புறம் அவர்கள் நடத்தியதற்குப் பெயர் குடும்பம் என்றால் குஸ்திக்கு வேறு பெயர் தேட வேண்டும். கருப்பன் சாராயம் குடித்தால் அடிப்பான். இவள் குடிக்காமலேயே திருப்பி அடிப்பாள். அவன் முதுகில் இவள் தோசைக்கல்லால் வைத்த தழும்பு இருக்கிறது. இவளுடைய சுண்டுவிரல் அவன் முறுக்கியதில் கோணிக்கொண்டது. இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வேறு. அதே கருப்பன் புளியமரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தபோது, ஜீப் வராத பாதையில் அவனை முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ரோடுவரை வந்தவளும் இவள்தான். எனக்கு இந்தக் கணக்கு விளங்கவே இல்லை, இப்போதும் விளங்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், நதியா. போளூரில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவள். மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிற ராஜ்குமாரை அவளுக்குப் பிடித்துவிட்டது. பையன் நல்ல பையன். குடிக்க மாட்டான். ஒரே ஒரு குறை, அவனும் வேடன் வகையறா.

மலையில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வகையறா. ஒரே வகையறா என்றால் பங்காளி, அண்ணன் தங்கை. ஊர் வேறாக இருந்தாலும், முகமே பார்த்திராவிட்டாலும் கட்டக்கூடாது. கருப்பன் வேடன் வகையறா, அதனால் நதியாவும் வேடன் வகையறா. விஷயம் தெரிந்ததும் கருப்பனும் அவன் அண்ணன் ரங்கசாமியும் கொண்டை ஊசி வளைவில் வேனை மறித்தார்கள். ராஜ்குமாரை வெளியே இழுத்துப்போட்டு, வீல் ஸ்பேனரால் முழங்காலைச் சிதைத்தார்கள். அவன் அலறியது கீழே முதல் வளைவுவரை கேட்டதாம். இப்போது வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

நதியாவைச் சாமை மூட்டை போடும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ரங்கசாமி பூச்சிமருந்து பாட்டிலை எல்லாரும் பார்க்கக் கூரை விட்டத்தில் செருகி வைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பஞ்சாயத்து கூடும், பங்காளிதான் என்று சொல்லிவிட்டால் அந்த மருந்தைத் தன் கையாலேயே அவள் வாயில் ஊற்றுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். மங்கம்மாள் அந்தப் பாட்டிலை எடுக்கப் போனாள். உலக்கையால் நெற்றியில் அடித்தான். கருப்பன் பார்த்துக்கொண்டு நின்றான்.

“போலீசுக்குப் போலாம் வா,” என்று நான் எழுந்துவிட்டேன்.

“போய்ட்டு வந்தேன். வந்தாங்க. ரங்கசாமி டீ குடுத்தான். பொண்ணு வூட்ல பத்திரமா கீதுன்னான். அவ பின்னால இவன் நின்னுகினு கீறான், அவ இன்னா சொல்லுவா? ஆமாங்கன்னா. போய்ட்டாங்க.”

அந்த ரங்கசாமி என் முன்னால் இருந்திருந்தால் பேப்பர் வெயிட்டால் மண்டையை உடைத்திருப்பேன். அவ்வளவு ஆத்திரம். பழைய பதிவேடுகள் இருக்கும் இரும்பு பீரோவைத் திறந்தேன்.

விஷயம் என்னவென்றால், ஈச்சம்பாறையில் ஒரு பழைய பேச்சு உண்டாம். குப்பி என்பவள் புருஷனை விட்டுவிட்டு வேற்றூர்க்காரன் ஒருவனோடு கொஞ்ச காலம் இருந்தாள், சூசையாண்டி அப்போது பிறந்தவன் என்று. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, மருந்து கொடுக்கும் வெள்ளைக்காரச் சாமியாரிடம் கீழே தூக்கி வந்திருக்கிறார்கள். பிழைக்காது என்று பயந்து அவர் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. பிறகு அந்தக் குடும்பம் கோயில் பக்கமே வரவில்லை. ‘சூசை’ என்ற பெயர் மட்டும் ‘ஆண்டி’யோடு ஒட்டிக்கொண்டது. சூசையாண்டியின் அப்பன் வேறு வகையறா என்றால், அவன் பேரன் கருப்பனும் வேடன் வகையறா இல்லை, நதியாவும் இல்லை. அப்புறம் ராஜ்குமார் அவளுக்கு அண்ணன் முறை ஆக மாட்டான். மங்கம்மாளின் கணக்கு இது.

பக்கங்கள் அப்பளம் போல் நொறுங்கின. எல்லாம் லத்தீன். பெயர்களைப் படிக்கிற அளவுக்கு சாமியார் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். காய்ச்சல் வருஷத்துப் பக்கங்கள் பூராவும் சாவுக்குப் பயந்து கொடுத்த ஞானஸ்நானங்கள். பாதிப் பெயர்களுக்குப் பக்கத்தில் சிலுவை போட்டிருந்தது, இறந்துவிட்டது என்று அர்த்தம். விரலை வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் இருந்தது. சூசை. தாய் குப்பி, ஈச்சம்பாறை. தகப்பன் பொன்னாண்டி, தும்பக்காடு.

“தும்பக்காடா? நல்லாப் பாரு!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“தும்பக்காடுதான். கண்ணு நல்லாத்தான் கீது எனக்கு.”

“தும்பக்காடு பூராவும் சடையன் வகையறா! ஒரு வேடன் வூடு கூட அங்க இல்ல!” என்று சொல்லி மேசையில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். கண்ணாடி குறுக்கே விரிந்தது. சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தி என் துப்பட்டாவிலேயே துடைத்துக்கொண்டாள். கண்ணாடி போனாலும் போகட்டும் என்று எனக்கும் கண் கலங்கியது.

சாமியார் வேறு ஊரில் பூசைக்குப் போயிருந்தார். போனில் கேட்டேன். சான்றிதழ் கொடு, ஆனால் நீ எங்கேயும் போய்ச் சிக்கிக்கொள்ளாதே என்றார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பைக் சத்தம். மங்கம்மாள் முகம் மாறியது.

ரங்கசாமி முன்னால் வந்தான், குட்டையாக, கழுத்தே இல்லாத ஆள். பின்னால் கருப்பன். உயரமானவன், இடுப்பு உடைந்ததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான்.

“வூட்டுக்கு வாடி,” என்றான் கருப்பன்.

“வர்றேன், நீ போ.”

கருப்பன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். நாற்காலியோடு விழுந்தாள். விழுந்தபடியே அவன் கையைக் கடித்தாள். ரங்கசாமி என் மேசைமேல் இருந்த பதிவேட்டைத் தூக்கினான். அவ்வளவுதான். மங்கம்மாளை அடித்தபோதுகூடத் திகைத்து நின்ற எனக்கு, பதிவேட்டைத் தொட்டதும் வெறி வந்துவிட்டது. கோயில் முத்திரை குத்தும் இரும்பு அச்சை எடுத்து அவன் புறங்கையில் ஓங்கி இறக்கினேன். “ஐயோ!” என்று பதிவேட்டைப் போட்டான். மறு கையால் என் கழுத்தைப் பிடித்தான். மூச்சு முட்டியது. மங்கம்மாள் எப்படியோ எழுந்து, மூலையில் நின்ற பித்தளை மெழுகுவர்த்தித் தண்டை எடுத்து அவன் முட்டியில் விட்டாள். டீக்கடைக்காரர்கள் ஓடிவந்து விலக்கினார்கள். “ஞாயித்துக்கெழம பாத்துக்கிறேன். ரெண்டு பொணம் வுழும்!” என்று கத்திக்கொண்டே ரங்கசாமி பைக்கில் ஏறினான். கருப்பன் கடிபட்ட கையைப் பார்த்துக்கொண்டே போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மங்கம்மாளோடு நானும் மலை ஏறினேன். சாமியார் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால் என் கழுத்தில் அவன் விரல் தடம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. தவிர மங்கம்மாள், “வெறும் காயிதத்த நான் காமிச்சா கிழிச்சிடுவானுங்க தங்கச்சி. நீ வந்து படி,” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

காளியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. பஞ்சாயத்தை நடத்தும் ஊர்க்கவுண்டர் மாதையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நதியாவைக் கூட்டி வந்து நடுவில் நிறுத்தினார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ரங்கசாமி தோளில் துண்டும், துண்டுக்குள் பாட்டிலும் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றான். ஒளிக்கக்கூட இல்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டு, யாரும் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் சான்றிதழைச் சத்தமாகப் படித்தேன். சூசை, தாய் குப்பி, தகப்பன் தும்பக்காடு பொன்னாண்டி. கூட்டத்தில் சலசலப்பு. கருப்பன் தலையைக் குனிந்துகொண்டான். தன் கொள்ளுப்பாட்டி கதை ஊர் நடுவில் படிக்கப்படுவது யாருக்குத்தான் சுகமாக இருக்கும்?

மாதையன் காகிதத்தை வாங்கி, முத்திரையைத் தடவிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“இத்த எழுதனது யாருங்க?”

“அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியாருங்க.”

“பக்கத்துல எவன் நின்னானோ அவன் பேர எழுதிட்டாரு. அவரு மேல தப்பு இல்ல. ஆனா குப்பிக்குப் பரியச் சீலை போட்டது யாரு? இந்த ஊரு வேடன் வகையறாக்காரன். அவ யாரோட வேணா போவட்டும், யாருக்கு வேணா பெறட்டும். சீலை போட்டவனுக்குத்தான் புள்ள. அதனாலதான் அந்தப் புள்ளயத் தும்பக்காட்டுலேர்ந்து தூக்கினு வந்து இங்க வளத்தாங்க. இந்த மலைல ஆடு மேய்க்கிறவனக் கேட்டாலும் சொல்லுவான்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் ஊர் முன்னால் ஒரு புடவையை வைக்கிறார்கள், பெண்ணின் அப்பனோ அண்ணனோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் வயிற்றில் பிறப்பதெல்லாம் புடவை போட்டவன் வகையறா. பெற்றவன் யார் என்று மலை கேட்பதே இல்லை. எங்கள் பதிவேட்டில் பெற்றவன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. என் சான்றிதழ் அங்கே செல்லாக் காசு.

“கேட்டியாடி?” என்று ரங்கசாமி பாய்ந்து வந்து காகிதத்தைப் பிடுங்கினான். நாலாகக் கிழித்து என் முகத்தில் எறிந்தான். “நீ யாருடீ எங்க பாட்டியப் பத்தி பேச?” என்று விட்ட அறையில் என் உதடு கிழிந்து பல்லில் ரத்தம் ருசித்தது. கீழே விழுந்தேன். எழுந்து அவனைக் கல்லால் அடிக்கக் கை துழாவியது. ஒரு கல் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

“அப்ப பங்காளிதான். முடிஞ்சிது,” என்று யாரோ சொன்னார்கள். ரங்கசாமி நதியாவின் தலைமுடியை ஒரு கையில் சுற்றிக்கொண்டு அவள் தலையைப் பின்னால் வளைத்தான். “அம்மா!” என்று அவள் கத்தினாள். மறு கையிலிருந்த பாட்டிலின் மூடியைப் பல்லால் திருகினான்.

மங்கம்மாள் ஓடவில்லை. அடிக்கப் போகவில்லை. கூட்டத்தின் நடுவில் போய் நின்று, இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டு கூவினாள்.

“கவுண்டரே! இன்னொரு தபா சொல்லுங்க! சீலை போட்டவனுக்குத்தான் புள்ளயா?”

“ஆமா,” என்றார் மாதையன்.

“எல்லாரும் சொல்லுங்க! சீலை போட்டவனுக்குத்தான் புள்ளயா?”

“ஆமா, ஆமா,” என்றது கூட்டம்.

“அப்ப எனக்கு எவன் சீலை போட்டான்?”

ரங்கசாமியின் கை நின்றது.

“எங்க அண்ணன வெட்டிட்டு இட்டுகினு வந்தான் இவன். எங்க அப்பன் சாவற வரைக்கும் எங்க வூட்டு வாசல்ல இவன் கால் வைக்கல. எவன் சீலை போட்டான்? எவன் எடுத்தான்? எந்த ஊரு பாத்துது? சொல்லுங்க!” கருப்பன் பக்கம் கையை நீட்டினாள். “இவரு என் புருஷன் இல்ல. நான் வந்து குந்திகினவ. சீலை போடலன்னா எம் பொண்ணு எங்க அப்பன் வூட்டுப் புள்ள, எங்க வகையறா, வேடன் இல்ல. மூலக்காட்டுப் பொண்ண உங்க வேடன் வகையறாக்காரன் கட்டினா இன்னா தப்பு?”

மாதையன் கட்டிலைவிட்டு எழுந்துவிட்டார்.

“கருப்பா. காளி முன்னால கேக்கறேன். சீலை போட்டியா, போடலியா?”

“போட்டேன்னு சொல்லுடா!” என்று ரங்கசாமி கத்தினான். “எவன் வந்து பாத்தான்? போட்டேன்னு சொல்லுடா, மானம் போவுதுடா!”

ஒரு வார்த்தைதான். போட்டேன் என்று கருப்பன் சொன்னால் மகள் வாயில் மருந்து. போடவில்லை என்றால் அவனுக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தவே இல்லை என்று ஆகிவிடும். அவன் மங்கம்மாளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளைப் பார்த்தான். வளைத்துப் பிடித்திருந்த கழுத்தில் நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

“போடல,” என்றான்.

ரங்கசாமிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. “அப்பவும் இவ சாவட்டும்!” என்று பாட்டிலை நதியாவின் வாய்க்குக் கொண்டுபோனான். கருப்பன் சாய்ந்த இடுப்போடு எப்படி அவ்வளவு வேகமாக வந்தான் என்று தெரியவில்லை. இடுப்பிலிருந்த கொடுவாளை உருவி, அதன் முதுகால் அண்ணன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பாட்டில் கல்லில் விழுந்து உடைந்தது; மருந்து நாற்றம் மூக்கில் ஏறியது. இருவரும் கட்டிப் புரண்டார்கள். ரங்கசாமி முறியாத கையால் தம்பியின் கண்ணில் விரலை விட்டான். கருப்பன் அவன் தலையைத் தரையில் மோதினான், திரும்பத் திரும்ப மோதினான். ஆட்கள் விழுந்து பிரித்தபோது ரங்கசாமி வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் வழிந்துகொண்டிருந்தது. உயிர் இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், கர்த்தர் மன்னிக்கட்டும்.

மாதையன் தீர்ப்பு சொன்னார். நதியா மூலக்காட்டு வீட்டுப் பெண். ராஜ்குமாருக்கு முறைதான். அவள் மேல் இனி எவனும் கை வைக்கக் கூடாது. ஆனால் சீலை போடாத பெண்பிள்ளைக்கு வேடன் வகையறா வீட்டில் இடம் கிடையாது. தாயும் மகளும் பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும்.

இரண்டு துணிப்பையோடு கிளம்பினார்கள். நானும் கூட நடந்தேன். கருப்பன் வரவில்லை. ஒரு கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்திருந்தான். பாதையில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“இந்தச் சமாச்சாரம் உனக்கு முன்னாடியே தெரியும்தானே? அப்பறம் எதுக்கு என் பீரோவக் கொடைஞ்ச? எதுக்கு நான் அடி வாங்கனேன்?”

துணிப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“தெரியாம இன்னா தங்கச்சி. அந்தச் செத்துப்போன குப்பி மானத்த வித்து எம் பொண்ணக் காப்பாத்திடலாம்னு பாத்தேன். என் மானத்த விக்க வேணாமேன்னு. அவனப் புருஷன் இல்லன்னு என் வாயால சொல்ல வேணாமேன்னு.” அங்கேயே வழியில் உட்கார்ந்து, வாயில் வாயில் அடித்துக்கொண்டாள். நதியா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

மூலக்காட்டில் ஆனந்தன் கதவைத் திறந்து தங்கையைப் பார்த்ததும் முதலில் ஓர் அறை கொடுத்தான், நல்ல கையால். பிறகுதான் உள்ளே விட்டான்.

ராஜ்குமார் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் மூலக்காட்டிலேயே கல்யாணம் வைத்தார்கள். எனக்கும் சொல்லி அனுப்பினார்கள், போனேன். ராஜ்குமார் வீட்டார் ஊர் முன்னால் தட்டில் சீலையை வைத்தார்கள். நதியாவின் மாமன் ஆனந்தன் தூக்க வராத கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு அதை எடுத்தான். தாலி கட்டியாகிவிட்டது. பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் பாயசத்தில் முந்திரி இல்லை என்று பரிமாறுகிறவனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கூட்டம் விலகியது.

கருப்பன் வந்துகொண்டிருந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஷேவ் செய்த முகம். ஒரு கண் வெள்ளையாகிப் போயிருந்தது. கையில் பித்தளைத் தட்டு; தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் கிளிப்பச்சைப் புடவை. நேராக ஆனந்தன் முன்னால் வந்து மண்டியிட்டான்.

“மச்சான். உன்ன வெட்டனது தப்பு. அன்னிக்கே போட வேண்டியது. இப்பப் போடறேன், ஊரு பாக்கட்டும். எம் பொண்டாட்டிய எனக்குக் குடு,” என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண்கள் சிலர் குலவையிடக்கூட வாயெடுத்தார்கள். ஆனந்தன் கை தட்டை நோக்கி நீண்டது.

மங்கம்மாள் மட்டும்தான் புரிந்துகொண்டாள். அடுப்பிலிருந்து எரிகிற கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“தொடாத அண்ணா!” என்று அலறி, தட்டைக் காலால் உதைத்தாள். கட்டையால் கருப்பன் முதுகில் ஓங்கி அடித்தாள். பொறி பறந்தது. “பாவி! நீ சீலை போட்டீன்னா அவ உம் பொண்ணாயிடுவாடா! வேடன் வகையறா ஆயிடுவாடா! கட்டின தாலி பாவமாயிடும்டா! எட்டப் போ! போ!”

கருப்பன் வாயைத் திறந்தபடி பார்த்தான். “எனக்கு அது தோணலடி,” என்றான். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். தோளில், தலையில், முதுகில். வெள்ளைச் சட்டை கருகிக் கிழிந்தது. இத்தனை வருஷமாக ஒரு அடிக்கு ஒரு அடி திருப்பிக் கொடுத்தவன், கையைக்கூடத் தூக்கவில்லை. மண்ணில் விழுந்த புடவையை எடுத்து உதறி மடித்தான். அக்குளில் வைத்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து நடந்து, வந்த பாதையிலேயே போனான். அவள் ஊர் எல்லைவரை துரத்திக்கொண்டு போனாள்.

நான் பின்னாலேயே ஓடிப் போய், அவள் கையிலிருந்த கட்டையை வாங்கிப் போட்டேன். உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. அவன் வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு அடி திருப்பி அடிச்சிருக்கலாம் தங்கச்சி,” என்றாள். “அடிச்சிருந்தா, போய்த் தொலையட்டும்னு இருந்திருப்பேன்.”